போஸ்ட்கிரெஸ் அப்கிரேடுக்குப் பிறகு குவெரி மெதுவானால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சனிக்கிழமை இரவு எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை 11-ஆம் பதிப்பிலிருந்து 15-க்கு மாற்றினோம். நாற்பது நிமிட வேலை. ஒரு பிழைச்செய்தி கூட வரவில்லை, நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். திங்கள் காலை பத்தேகாலுக்கு முதல் போன்: "புது வெர்ஷன் ரொம்ப ஸ்லோ சார், பழையதுக்கே போயிடலாமா?"

சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிடும். ஆனால் "புது வெர்ஷன் ஸ்லோ" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. எந்தத் திரை, எந்தக் குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி), முன்பு எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு நேரம் என்று கேட்டு வாங்குங்கள். பாதிப் பேருக்கு "முன்பு எவ்வளவு" என்பதற்குப் பதில் தெரியாது. அதனால்தான் அப்கிரேடுக்கு முன்பே சிலவற்றை எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

மாற்றுவதற்கு முன்

ஓடும் குவெரிகளைக் கணக்கு வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனில் இருப்பதை அப்படியே ஒரு கோப்பில் இறக்கி வையுங்கள். குவெரி, எத்தனை முறை ஓடியது, சராசரி நேரம், இந்த மூன்றும் போதும். அதிலுள்ள குவெரி ஐடியை நம்பிப் பழசையும் புதுசையும் பொருத்தாதீர்கள். பெரிய பதிப்பு மாறினால் அந்த எண்ணும் மாறலாம். குவெரியின் வாசகத்தை வைத்தே பொருத்துங்கள். 13-இல் நேரத்துக்கான பத்திகளின் (நெடுவரிசைகளின்) பெயர்களும் மாறின, 'டோட்டல் டைம்' என்பது 'டோட்டல் எக்ஸெக் டைம்' ஆனது. பழைய ஸ்கிரிப்ட் அங்கேயே விழும்.

முக்கியமான இருபது முப்பது குவெரிகளின் பிளானையும் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்ற திட்டம்) எக்ஸ்பிளைன் அனலைஸ் கட்டளை போட்டு எடுத்து வையுங்கள். கூடவே பஃபர்ஸ், செட்டிங்ஸ் என்ற இரண்டு விருப்பங்களையும் கொடுங்கள். இரண்டாவது 12-இலிருந்துதான் உண்டு. அந்தத் திட்டத்தைப் போடும் பிளானரைப் பாதிக்கும் எந்த அமைப்பு இயல்பிலிருந்து மாறியிருக்கிறது என்று பிளானின் அடியிலேயே எழுதிவிடும்.

பதிப்பை மாற்றித் தரும் பிஜி அப்கிரேடு கருவியை லிங்க் முறையில் ஓட்டினால் பழைய கோப்புகளையே புது சர்வரும் பயன்படுத்தும். புது சர்வரை ஒருமுறை கிளப்பிவிட்டால் பழையதை இனிப் பத்திரமாகக் கிளப்ப முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கவே ஆள் இல்லாமல் போகும். ஒரு பேக்கப்பை வேறு மெஷினில் பழைய பதிப்பிலேயே உயிரோடு வைத்திருந்தால், பின்னால் வரும் பாதிச் சண்டைகள் அங்கேயே தீரும்.

அறிகுறி: முதல் நிமிடத்திலிருந்தே எல்லாமே மெதுவாக இருக்கிறது

எங்கள் திங்கட்கிழமைக் கதை இதுதான். பில் டேபிளில் ஏறக்குறைய 80 லட்சம் ரெக்கார்டுகள். ஒரு வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்தால் அவருடைய பில்கள் வரவேண்டும், அவ்வளவுதான் குவெரி. பிளானை எடுத்துப் பார்த்தால், பிளானர் எதிர்பார்த்தது சுமார் 40,000 ரெக்கார்டுகள்; உண்மையில் வந்தது 12. நாற்பதாயிரம் வரும் என்று நம்பியதால், இன்டெக்ஸ் வழியாக ஒவ்வொன்றாகப் போய் எடுக்காமல், இணைக்க வேண்டிய பக்கத்து டேபிளை முழுசாகப் படித்து ஹேஷ் ஜாயின் (மொத்தமாக இணைக்கும் முறை) போட்டுக்கொண்டிருந்தது.

80 லட்சத்தில் 40,000 என்பது 200-இல் ஒரு பங்கு. இந்த விகிதம் தற்செயலாக வருவதில்லை. ஒரு பத்தியைப் பற்றிய புள்ளிவிவரம் எதுவுமே இல்லாதபோது, அதில் 200 வெவ்வேறு மதிப்புகள் இருக்கும் என்று பிளானர் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளும். அதே போல, 'இதைவிடப் பெரியது' என்ற நிபந்தனைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளும். மதிப்பீட்டில் இந்த இரண்டு விகிதங்களில் ஒன்று அச்சு அசலாகத் தெரிந்தால், வேறு எங்கும் தேட வேண்டாம். புள்ளிவிவரம் இல்லை. பிஜி ஸ்டாட்ஸ் என்ற வியூவில் அந்த டேபிளின் பெயரைத் தேடிப் பாருங்கள், காலியாக இருக்கும்.

காரணம் எளிது. 17 வரை பிஜி அப்கிரேடு தரவைக் கொண்டுவரும், பிளானரின் புள்ளிவிவரத்தைக் கொண்டுவராது. முடிந்ததும், அந்தப் புள்ளிவிவரத்தைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டச் சொல்லி ஒரு வரி திரையில் எழுதும். நள்ளிரவில் அந்த வரியை யார் படிக்கிறார்கள்! பின்னணியில் தானே ஓடிப் பராமரிக்கும் ஆட்டோவாக்யூம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டாலும் நடக்காது. எந்த டேபிளில் எவ்வளவு மாறியது என்று அது வைத்திருந்த கணக்கும் பூஜ்யமாகிவிட்டது. இயல்பு அமைப்பில் டேபிளில் பத்தில் ஒரு பங்கு மாறிய பிறகுதான் அது அனலைஸ் செய்யும். அதிகம் மாறாத பெரிய டேபிளுக்கு மாதக்கணக்கில் முறை வராது.

வாக்யூம்டிபி கட்டளையை 'அனலைஸ் ஒன்லி' விருப்பத்தோடு, பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் ஓட்டினால் முடிந்தது. 'அனலைஸ் இன் ஸ்டேஜஸ்' என்றும் ஒன்று உண்டு. அது முதலில் இலக்கு (புள்ளிவிவரம் எவ்வளவு நுணுக்கமாக வேண்டும் என்ற அளவு) 1 வைத்து ஒரு சுற்று, பிறகு 10, பிறகு உங்கள் இயல்பு இலக்கு என்று மூன்று சுற்று ஓடும். அரைகுறைப் புள்ளிவிவரமாவது சீக்கிரம் கிடைக்கட்டும் என்பது அதன் எண்ணம். நேரம் இருந்தால் நான் அதைத் தொடுவதில்லை, ஒரே சுற்றில் முழுசாக முடித்துவிட்டுத்தான் பயனர்களை உள்ளே விடுவேன். ஏற்கெனவே நல்ல புள்ளிவிவரம் உள்ள தரவுத்தளத்தில் அதை ஓட்டினால், முதல் சுற்று இருப்பதையும் கெடுத்துவிடும்.

பகுதிகளாகப் பிரித்த டேபிள் இருந்தால் தாய் டேபிளின் மேல் தனியாக ஒரு அனலைஸ் கொடுங்கள். ஆட்டோவாக்யூம் தாயைத் தொடவே தொடாது.

2025-இல் வந்த 18-இல் இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விட்டது, புள்ளிவிவரமும் கூடவே வருகிறது. ஆனால் கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று நீங்கள் தனியாக உருவாக்கியவை வராது. விடுபட்டவற்றுக்கு மட்டும் அனலைஸ் ஓட்ட, வாக்யூம்டிபியில் 'மிஸ்ஸிங் ஸ்டாட்ஸ் ஒன்லி' என்று ஒரு விருப்பம் சேர்த்திருக்கிறார்கள்.

அனலைஸ் முடிந்தும் எல்லாமே மெதுவாக இருந்தால் அடுத்த சந்தேகம் அமைப்புக் கோப்பு. புது கிளஸ்டர் (புது சர்வரின் தரவுத்தளத் தொகுப்பு) தன் சொந்த இயல்பு மதிப்புகளோடு பிறக்கிறது: ஷேர்டு பஃபர்ஸ் (கேஷுக்கான ரேம்) 128 எம்பி, ஒர்க் மெம் (சார்ட், ஹேஷ் ஒவ்வொன்றுக்குமான ரேம்) 4 எம்பி, ரேண்டம் பேஜ் காஸ்ட் (டிஸ்கில் தாவிப் படிப்பதற்குப் பிளானர் போடும் செலவு) 4. பழைய சர்வரில் 64 ஜிபி ரேமுக்கு ஏற்ப நான்கு வருடமாகச் செதுக்கி வைத்ததை பிஜி அப்கிரேடு தொடாது. ஆல்டர் சிஸ்டம் கொடுத்து மாற்றியவை ஆட்டோ கான்ஃப் கோப்பில் இருக்கும், அதுவும் வராது. எஸ்எஸ்டிக்காக ரேண்டம் பேஜ் காஸ்ட்டை 1.1 ஆக்கி வைத்திருந்து அது திரும்ப 4 ஆகியிருந்தால், இன்டெக்ஸில் போக வேண்டிய குவெரிகள் டேபிளை முழுசாக மேய ஆரம்பிக்கும். இரண்டு சர்வரிலும் எல்லா அமைப்புகளையும் காட்டும் பிஜி செட்டிங்ஸை இறக்கி, பெயர் வரிசையில் வைத்து, டிஃப் போட்டு வித்தியாசம் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பழைய கோப்பை அப்படியே தூக்கி மேலே போடாதீர்கள். அதில் இப்போது இல்லாத அமைப்பு ஏதாவது இருந்தால் சர்வர் கிளம்பவே கிளம்பாது.

அறிகுறி: முதல் ஒரு மணி நேரம் மட்டும் மெதுவாக இருந்தது, பிறகு சரியானது

அடிக்கடி படிப்பதை ரேமில் வைத்திருக்கும் கேஷ் காலி, அவ்வளவுதான். பதிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய சர்வரையும் ரீஸ்டார்ட் செய்திருந்தால் இதேதான் நடந்திருக்கும். பெரிய டேபிள்களை பிஜி ப்ரீவார்ம் கொண்டு முன்கூட்டியே ஏற்றலாம்.

டம்ப் (தரவு முழுவதையும் கோப்பாக இறக்கியது) எடுத்து ஏற்றிய டேபிளாக இருந்தால் இன்னொன்றும் சேரும். ஒவ்வொரு பக்கத்தையும் முதன்முறை படிக்கும்போது ஹின்ட் பிட் (ரெக்கார்டை எழுதிய டிரான்ஸாக்ஷன் முடிந்துவிட்டதா என்ற குறி) எழுத வேண்டியிருக்கும், அதனால் வெறும் செலக்ட் கூட டிஸ்கில் எழுதும். பிளானில் பஃபர்ஸ் வரியில் 'டர்ட்டீட்' என்று ஒரு எண் தெரிந்தால் அதுதான்.

அறிகுறி: 40 மில்லிசெகண்டில் முடிந்தது இப்போது 2 செகண்ட், சிபியு எகிறுகிறது, ஆனால் பிளான் மாறவில்லை

பிளானின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். அங்கே ஜிட் என்ற தலைப்பில் நாலைந்து வரிகள் இருக்கிறதா? எத்தனை ஃபங்ஷன்கள், ஜெனரேஷன் எவ்வளவு நேரம், இன்லைனிங், ஆப்டிமைசேஷன், எமிஷன் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், கடைசியில் மொத்தம். அந்த மொத்தத்தைக் குவெரியின் மொத்த நேரத்தோடு வைத்துப் பாருங்கள். 2,000 மில்லிசெகண்டில் 1,900 அங்கேயே போயிருந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டார்.

ஜிட் என்பது குவெரியில் உள்ள கணக்குகளை ஓடும் நேரத்திலேயே மெஷின் கோடாக மாற்றும் வசதி. 2018-இல் 11-இல் வந்தபோது அணைத்தே கொடுத்தார்கள். 2019-இல் 12 வந்தபோது இயல்பாகவே இயக்கிவிட்டார்கள். அதனால் 11 அல்லது அதற்கு முந்தையதிலிருந்து தாவுகிறவர்கள் எல்லோரும் இதைத் தாண்டித்தான் வரவேண்டும். பிளானர் கணிக்கும் செலவு 1,00,000-ஐத் தாண்டினால் ஜிட் கிளம்பும், 5,00,000-ஐத் தாண்டினால் இன்னும் கடுமையாக உழைக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, அது பார்ப்பது கணிப்பை மட்டும்தான். மதிப்பீடு ஊதிப்போயிருந்தால் பத்து ரெக்கார்டு தரும் குவெரிக்கும் இந்த உழைப்பு நடக்கும். நூற்றுக்கணக்கில் பகுதிகள் உள்ள டேபிளென்றால் ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷன்கள் பெருகும். இணையாக ஓடும் ஒர்க்கர்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று தனியாகக் கம்பைல் செய்யும். அடுத்த முறை ஓடும்போது எடுத்துக்கொள்ள எதையும் சேமித்து வைக்காது.

சோதிக்க, அதே செஷனில் ஜிட்டை ஆஃப் செய்து குவெரியைத் திரும்ப ஓட்டுங்கள். வேகம் திரும்பினால் முடிவு தெரிந்துவிட்டது. நாள் முழுக்கச் சின்னச் சின்னக் குவெரிகளே ஓடும் சர்வர் என்றால் மொத்தமாகவே அணைத்துவிடுவேன், எனக்கு அதில் தயக்கமே இல்லை. ராத்திரியில் பெரிய அறிக்கைகளும் ஓடும் என்றால், ஜிட் அபவ் காஸ்ட் வரம்பை ஏற்றி வைப்பது நல்லது.

அறிகுறி: 'வித்' என்று தொடங்கும் குவெரிகள் மட்டும் அடி வாங்கின

இதுவும் 12-இன் வேலை. அதற்கு முன்பு வித்-இல் எழுதும் துணைக்குவெரி ஒரு சுவர் மாதிரி. உள்ளே இருப்பது தனியாக முடிந்து, அந்த விடை வெளியே வரும். 12-இலிருந்து, அதை ஒரே இடத்தில்தான் பயன்படுத்துகிறீர்கள், அது ரெகர்சிவ் (தன்னையே அழைப்பது) இல்லை, பக்கவிளைவும் இல்லை என்றால், பிளானர் சுவரை இடித்து வெளிக்குவெரியோடு சேர்த்துவிடும். பெரும்பாலும் நன்மைதான். ஆனால் அந்தச் சுவரை நம்பியே குவெரி எழுதிய ஒரு தலைமுறை இருக்கிறது (நானும் அதில் ஒருவன்). பழைய பிளானில் 'சிடிஈ ஸ்கேன்' (வித்-இன் விடையைப் படிப்பது) இருந்து புதியதில் காணோம் என்றால், வித்-இல் 'ஆஸ்' என்பதற்குப் பின் 'மெட்டீரியலைஸ்ட்' என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: குரூப் பை அறிக்கைகள் மெதுவாகி, டிஸ்கில் தற்காலிகக் கோப்புகள் குவிகின்றன

12 வரை, குரூப் பை கணக்கை ரேமில் போடும் ஹேஷ் அக்ரிகேட் ஒரு பொய்யில் ஓடிக்கொண்டிருந்தது. ஒர்க் மெம்முக்குள் அடங்கும் என்று பிளானர் நினைத்து அதைத் தேர்ந்தெடுக்கும். ஓடும்போது அடங்காவிட்டாலும் நிறுத்தாமல் ரேமை எடுத்துக்கொண்டே போகும். உங்கள் 4 எம்பி அறிக்கை யாருக்கும் தெரியாமல் 1 ஜிபி தின்றுகொண்டிருந்திருக்கலாம், ரேம் தாராளமாக இருந்ததால் வேகமாகவும் முடிந்திருக்கும். 13 அந்த வரம்பை உண்மையிலேயே மதிக்க ஆரம்பித்தது. மிஞ்சியதை டிஸ்கில் எழுதும். பிளானில் ஹேஷ் அக்ரிகேட்டுக்குக் கீழே 'பேட்சஸ்' ஒன்றுக்கு மேல் இருந்து, பக்கத்தில் 'டிஸ்க் யூசேஜ்' தெரிந்தால் இதேதான்.

இதற்காகவே 13-இல் ஹேஷ் மெம் மல்டிப்ளையர் (ஹேஷுக்கு ஒர்க் மெம்மின் எத்தனை மடங்கு) என்ற அமைப்பையும் கொடுத்தார்கள். 13, 14 இரண்டிலும் அதன் இயல்பு 1, 15-இல் அதை 2 ஆக்கினார்கள். அறிக்கை ஓட்டும் ரோலுக்கு (தரவுத்தளப் பயனருக்கு) மட்டும் இதையோ ஒர்க் மெம்மையோ உயர்த்துங்கள். சர்வர் முழுவதற்கும் ஒர்க் மெம்மை 256 எம்பி ஆக்கிவிட்டு, முந்நூறு இணைப்புகள் ஒரே நேரத்தில் சார்ட் செய்யும்போது ரேம் போதாமல் சர்வர் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வரம்பு ஒரு குவெரிக்கு அல்ல, குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஹேஷுக்கும் தனித்தனி.

அறிகுறி: இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன் என்று பிளான் சொல்கிறது, ஆனால் வேகம் இல்லை

இன்டெக்ஸை மட்டும் படித்தே விடை தருவதுதான் இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன். அப்படியும் எத்தனை முறை டேபிளுக்குப் போனது என்று காட்டும் 'ஹீப் ஃபெட்சஸ்' எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் லட்சங்கள் இருந்தால், பெயருக்குத்தான் இன்டெக்ஸ் ஒன்லி. டம்ப் மூலமோ லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் முறை) மூலமோ நகர்த்திய டேபிளுக்கு, எந்தப் பக்கத்தில் உள்ள ரெக்கார்டுகள் எல்லோருக்கும் தெரியும் என்று குறித்து வைக்கும் விசிபிலிட்டி மேப் நிரம்பியிருக்காது. அனலைஸ் மட்டும் ஓட்டினால் அது நிரம்பாது, வாக்யூம் (டேபிளைச் சுத்தம் செய்யும் கட்டளை) வேண்டும். பிஜி அப்கிரேடில் அந்தக் கோப்பும் கூடவே வருவதால் இந்தப் பிரச்சினை எழாது.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. டம்ப் எடுத்து ஏற்றிய சோதனைச் சர்வரில் டேபிளும் இன்டெக்ஸும் ஊளைச்சதை இல்லாமல் கச்சிதமாக இருக்கும். 13-இல் வந்த பி-ட்ரீ டீடூப்ளிகேஷனால் (ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்ப எழுதாமல் சேர்த்து வைப்பது) இன்டெக்ஸ் இன்னும் சின்னதாகும். "சோதனையில் வேகமாக இருந்ததே" என்று புலம்புவது இதனால்தான். பிஜி அப்கிரேடில் பழைய இன்டெக்ஸ் அப்படியேதான் வரும், ரீஇன்டெக்ஸ் போட்டுப் புதிதாகக் கட்டினால்தான் இளைக்கும்.

அறிகுறி: பிஎஸ்க்யூஎல்-இல் ஓட்டினால் வேகம், அப்ளிகேஷனிலிருந்து வந்தால் மெதுவு

நீங்கள் பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் ஓட்டுவதும் அப்ளிகேஷன் ஓட்டுவதும் ஒரே குவெரி அல்ல. அப்ளிகேஷன் ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்டாக (மதிப்புகளின் இடத்தைக் காலியாக விட்டு முன்பே தயார் செய்த குவெரியாக) அனுப்புகிறது. முதல் ஐந்து முறை போஸ்ட்கிரெஸ் மதிப்புகளைப் பார்த்துத் தனிப் பிளான் போடும். அதன் பிறகு பொதுப் பிளானின் (எந்த மதிப்புக்கும் ஒரே பிளான்) கணிப்புச் செலவு அவற்றின் சராசரியைவிடப் பெரிதாக மோசமில்லை என்றால் பொதுப் பிளானுக்கே மாறிவிடும். 'நிலுவை' என்ற நிலையில் நூறு ரெக்கார்டும் 'முடிந்தது' என்ற நிலையில் ஒரு கோடியும் இருக்கிற டேபிளுக்கு இந்தப் பொதுப் பிளான் நஞ்சு. பிளான் கேஷ் மோட் அமைப்பை 'ஃபோர்ஸ் கஸ்டம் பிளான்' ஆக்கி ஓட்டிப் பாருங்கள், 12-இலிருந்து இருக்கிறது.

அப்கிரேடோடு டிரைவரையும் (தரவுத்தளத்தோடு பேசும் லைப்ரரி) புதுப்பித்தீர்களா என்று அப்ளிகேஷன் தரப்பைக் கேளுங்கள். "ஆமாம், அதையும் சேர்த்து மாத்திட்டோம்" என்று மெதுவாகச் சொல்வார்கள். அப்ளிகேஷன் உண்மையில் வாங்கும் பிளானைப் பார்க்க ஆட்டோ எக்ஸ்பிளைனை இயக்கி, ஒரு வரம்புக்கு மேல் ஓடுவதை மட்டும் லாகில் எழுதச் சொல்லுங்கள்.

அறிகுறி: குவெரி வேகமாகிவிட்டது, ஆனால் ரெக்கார்டு வரவில்லை

சிரிக்காதீர்கள், இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். ஓஎஸ்ஸையும் சேர்த்து மாற்றியிருந்தால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பைப் பாருங்கள். 2018-இல் வந்த 2.28 எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையையே மாற்றியது. பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸில் புது வரிசைப்படி தேடினால், இருக்கிற பெயரே கிடைக்காது. யூனிக் இன்டெக்ஸுக்குள் இரட்டைப் பதிவும் நுழையும். மற்ற வேலையை நிறுத்திவிட்டு, எழுத்துப் பத்திகளின் மேலுள்ள இன்டெக்ஸ்களை ஆம்செக் என்ற எக்ஸ்டென்ஷன் கொண்டு சோதியுங்கள், பிறகு ரீஇன்டெக்ஸ்.

எதுவுமே பொருந்தவில்லை என்றால்

இப்போதுதான் புதுப் பதிப்பின் மேல் சந்தேகப்படலாம். ஒரே மெஷினில் இரண்டு பதிப்பையும் வெவ்வேறு போர்ட்டில் நிறுவி, ஒரே டம்பை இரண்டிலும் ஏற்றி, ஒரே அமைப்புகள் கொடுத்து, இரண்டிலும் வாக்யூம் அனலைஸ் ஓட்டி, அந்த ஒரு குவெரியை இருபது முறை ஓட்டுங்கள். சராசரியை விட்டுவிட்டு நடு மதிப்பை எடுங்கள். எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டால் மட்டும் மெதுவாகிறது என்றால் மெஷினின் கடிகாரத்தைப் படிப்பதே செலவாக இருக்கலாம், பிஜி டெஸ்ட் டைமிங் அதைக் காட்டிவிடும்.

இங்கேயும் வித்தியாசம் தெரிந்தால் பிளானில் புதிதாக முளைத்த கணுவை (பிளானின் ஒரு படி) தேடுங்கள். இன்க்ரிமென்டல் சார்ட் (ஏற்கெனவே ஓரளவு வரிசையானதை மேற்கொண்டு வரிசைப்படுத்துவது) 13-இல் வந்தது, மெமோய்ஸ் (கிடைத்த விடையை நினைவில் வைத்துத் திரும்பப் பயன்படுத்துவது) 14-இல் வந்தது. இரண்டையும் செஷனில் தனித்தனியாக அணைக்க முடியும். ஒன்றை அணைத்ததும் பழைய வேகம் வந்தால் அந்தக் கணுவின் மதிப்பீட்டையும் உண்மை எண்ணையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தவறு மதிப்பீட்டில்தான் இருக்கும். அந்தப் பத்தியின் ஸ்டாடிஸ்டிக்ஸ் இலக்கை ஏற்றினாலோ, சேர்ந்தே மாறும் இரண்டு பத்திகளுக்குக் கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் கொடுத்தாலோ அணைக்க வேண்டிய தேவையே இருக்காது.

பிளான் ஒன்றுதான், மதிப்பீடும் சரி, ஆனாலும் மெதுவு என்றால் போஸ்ட்கிரெஸின் மூலக்குறியீட்டில் கிட் பைசெக்ட் ஓட்டி, மெதுவாக்கிய மாற்றத்தைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் இடையில் 2,000 கமிட் (குறியீட்டு மாற்றம்) இருந்தாலும் பதினோரு படிகளில் முடிந்துவிடும். கேட்டலாக் (தரவுத்தளத்தின் உள் டேபிள்கள்) அமைப்பு நடுவில் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு படியிலும் இனிட்டிடிபி (புது கிளஸ்டர் உருவாக்கும் கட்டளை) போட்டுத் தரவைப் புதிதாக ஏற்றும்படி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். பில்டு ஆகாத கமிட்டுக்கு ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேறினால் கிட் அதைத் தாண்டிப் போகும். அசெர்ட்களை (குறியீட்டுக்குள் இருக்கும் சரிபார்ப்புகளை) இயக்கி பில்டு செய்துவிடாதீர்கள்; அது தானே எல்லாவற்றையும் மெதுவாக்கும், நீங்கள் பேயைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் சிக்கும் கமிட் வேறொரு வகைக் குவெரியை வேகமாக்க வந்ததாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சின்னத் தரவோடு திரும்ப நிகழ்த்திக்காட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்து போஸ்ட்கிரெஸ் டெவலப்பர்களுக்கு எழுதினால் அக்கறையோடு பார்ப்பார்கள்.

அதுவரை, பிரச்சினை செய்யும் வசதியை ஆல்டர் ரோல் மூலம் அந்த ஒரு ரோலுக்கு மட்டும் அணைத்து வையுங்கள். தேதியையும் காரணத்தையும் எங்காவது குறித்தும் வையுங்கள். போன மாதம் ஒரு சர்வரில் காரணமே இல்லாமல் ஜிட் அணைந்து கிடந்தது. எந்தப் புண்ணியவான் செய்த வேலை என்று பழைய டிக்கெட்டுகளை எல்லாம் தோண்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அணைத்தது நான்தான்.